சமாதானம் பேசப் போகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் அமைதிக்கும் நியாயத்துக்கும் என்று ஒரு பெண்கள் குழு தொடங்குவது கடினமில்லை. கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். கஷ்டம் அதற்கப்புறம்தான்.

நான் பார்த்ததில் பெரிய தவறு, நியாயத்தைக் கேட்காமலே சமாதானம் பேசுவது. அடிபட்டு வந்த ஒரு தங்கையை, "பெரியவர்களை வைத்துப் பேசலாம், கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று நாங்களே வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த முறை கையில் கட்டோடு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் முதல் கேள்வி, "உனக்கு என்ன வேணும்?" என்பதுதான்.

நீதிமன்றம் என்றதும் செலவுக்குப் பயந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணைக்கு, அதாவது அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்று நீதிமன்றம் போடும் தடைக்கு, மனுப் போடக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தாய்வீட்டில் வந்து தங்கியிருந்தால் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆபத்து அவசரமானது என்றால், கணவருக்குத் தகவல் போகும் முன்பே இடைக்கால ஆணை கிடைக்கும். ஆணையோடு ஒரு கைது வாரண்டும் எழுதி நிறுத்தி வைக்கப்படும். அவர் ஆணையை மீறினால் அந்தத் தாள்தான் போலீசிடம் பேசும், அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்காக அவளைக் கட்டாயப்படுத்தி நீதிமன்றத்துக்கு இழுத்துப் போவதும் தவறுதான். அவள் கதையை வாட்ஸ்அப்பில் போடுவது அதைவிடப் பெரிய தவறு.

அடுத்தது, நமக்குள்ளேயே அமைதி பேசிக்கொள்வது. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்தோம், சரி. பிள்ளையைப் பறிகொடுத்த ஜூலுத் தாய் ஒருத்திகூட அந்த மண்டபத்தில் இல்லையே! பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வாழும் பாம்பாயிக்கும் இனாண்டாவுக்கும் நாம்தான் போக வேண்டும், அவர்கள் சொல்லும் இடத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு. போனதும் "நாங்களும் பயந்துதான் இருந்தோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் முதலில் அவர்கள் பேசட்டும். யாருக்குத் தண்டனை வேண்டும், எந்த வழக்கு எங்கே நிற்கிறது என்று அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றவும் கூடாது. 1913இல் காந்தியின் சத்தியாகிரகத்துக்காக டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள் நியூகாசலுக்கே போய்த்தான் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்கள்.

ஊர்வலம் போவதென்றால் கடைசி நாளில் ஓடாதீர்கள். 15 பேருக்கு மேல் கூடினால் ஏழு நாட்களுக்கு முன்பே நகராட்சிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஊர்வலத்துக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது அறிவித்தால் தடை விதிக்க முடியும். அறிவிக்காததே குற்றம் ஆகாது என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கைக்குழந்தைகளோடு வரும் பெண்களுக்காக வழியைச் சரிசெய்து தர ஆள் வேண்டுமே, அறிவித்துவிடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.