சொரியாசிஸ் உள்ளவர்களே, பத்தியத்தை விட்டு இடுப்பை அளந்து பாருங்கள்

வேலூரில் தோல் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சொரியாசிஸ் என்று புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். சொறியாதே, சிகரெட்டை விடு, குடிக்காதே என்பதை எல்லாம் மருத்துவரே சொல்லியிருப்பார். விட்டுப்போகிறவற்றை நான் சொல்கிறேன்.

பத்தியம் இருந்தே எடை கூடுவது

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். முழங்கை, முதுகு, தலை எங்கும் வெள்ளைச் செதில். சட்டைப் பையில் யாரோ எழுதிக் கொடுத்த பட்டியல்: கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை, பருப்பு எதுவும் கூடாது. இரண்டு வருடமாக ஒரு நாள் தவறவில்லையாம்.

"அப்போ என்னதான்ணா சாப்பிடுறீங்க?"

"சோறும் ரசமும்மா. நடுவுல டீ, பிஸ்கட்."

அந்த இரண்டு வருடத்தில் எடை 78 கிலோவிலிருந்து 91 ஆகியிருந்தது. செதிலும் பரவியிருந்தது. பத்தியம் போதவில்லை போலிருக்கிறது, இன்னும் எதை விடலாம் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. இவ்வளவு கட்டுப்பாடு உள்ள மனிதரிடம் ஒருவர்கூடச் சோற்றின் அளவைக் கேட்கவில்லையே என்றுதான். முள்ளுக்கத்திரிக்காய்க்குப் பேர்போன ஊர் இது. ஆம்பூர் பிரியாணியோடு வைக்கும் கத்திரிக்காயைப் பயந்து ஒதுக்கிவிட்டு, பிரியாணியை மட்டும் இன்னொரு தட்டு வாங்குகிறவர்களும் வருகிறார்கள். கத்திரிக்காய் சொரியாசிஸைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கூடுதல் எடை அதைக் கூட்டும் என்பதற்கு இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்கள் 78,000க்கும் மேற்பட்டவர்களை 14 வருடம் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், எடை ஏற ஏற சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் ஏறியது.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரந்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. சொரியாசிஸில் தோலுக்குள் நடப்பதும் அழற்சிதான். சாதாரணமாக ஒரு மாதம் எடுத்துப் புதுப்பிக்கும் மேல்தோல், சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது. எரிகிற அடுப்பில் விறகு தள்ளுவது போலத்தான் கூடுதல் எடை. அப்புறம், செதில் தெரியுமே என்று வெளியே போகாமல் வீட்டோடு இருந்தால் எடை இன்னும் கூடும்.

எடைதான் ஒரே காரணம் என்று சொல்லவில்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. எடை குறைந்தால் நோய் அடியோடு போய்விடும் என்றும் இல்லை. ஆனால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் செதில் தணிகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது. அந்த அண்ணனுக்குப் பருப்பு, முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். பிஸ்கட்டை எடுத்துவிட்டேன்.

"நான் குண்டு இல்லையே"

நம் ஊர்க்காரர்களுக்கு அளவு வேறு. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25 ஆனாலே உடல் பருமன், 170 செ.மீ. உயரம் என்றால் சுமார் 72 கிலோ. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. டெய்லர் டேப் போதும்.

பட்டினி கிடப்பது

வேண்டாம்.

எடையைச் சொல்லாமல் மருந்து வாங்குவது

சில மருந்துகளின் அளவே எடையைப் பொறுத்தது. உஸ்டெகினுமாப் ஊசி 100 கிலோ வரை 45 மில்லிகிராம், அதற்கு மேல் 90. மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்குக் கொழுப்புக் கல்லீரலும் இருந்தால் கல்லீரல் கெடும் ஆபத்து அதிகம். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கடையில் ஸ்டீராய்டு மாத்திரை கேட்பது

நாலு நாளில் தோல் பளபளக்கும். பசி கூடும், எடை ஏறும். நிறுத்தியதும் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். சிலருக்கு உடம்பெங்கும் சீழ்க் கொப்புளமே வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாக வாங்கிச் சாப்பிட்டு, மறுவாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

தொடை இடுக்கில் சிவந்தால் படர்தாமரை என்று முடிவு கட்டுவது

எடை கூடினால் மடிப்பு ஆழமாகும். வேலூர் வெயிலில் வியர்வையும் உரசலும் சேர்ந்து அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில் சொரியாசிஸ் வரும். அங்கே செதில் அதிகம் இருக்காது, சிவந்து பளபளக்கும். கடை களிம்பைத் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டு வலியோடு நடக்கக் கிளம்புவது

காலையில் எழுந்ததும் விரலோ குதிகாலோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது சொரியாசிஸ் மூட்டழற்சியாக இருக்கலாம். எடை குறைக்கக் கோட்டையைச் சுற்றி நடப்பது நல்லதுதான். முதலில் மூட்டைக் காட்டிவிட்டு, மருத்துவர் சரி என்றதும் நடக்க ஆரம்பியுங்கள்.