சிக்கனம் பேசும் கட்சி சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வெள்ளை மாளிகையில் ஜனநாயகக் கட்சிக்காரர் இருந்தால் நாட்டின் கடனை நினைத்து அதற்குத் தூக்கம் வராது. தன் ஆள் பதவிக்கு வந்ததும் அந்தக் கவலை காணாமல் போய்விடும். 2011இல் ஒபாமாவை நெருக்கிச் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தைப் பெற்றது இந்தக் கட்சிதான். 2018இல் இரு அவைகளும் அதிபர் பதவியும் தன் கையில் இருந்தபோது, ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அந்த வரம்பை உயர்த்தியதும் இதே கட்சிதான். 2019இல் வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. போர் நெருக்கடியோ பொருளாதார மந்தமோ கிடையாது. அப்படியும் பற்றாக்குறை 98,400 கோடி டாலர்.

பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவர்கள் கட்சிக்குள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வார்த்தையை நம்புவோம். ஆனால் எங்கெங்கே சறுக்கினார்கள் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதல் தவறு, வரியைக் குறைத்தால் வளர்ச்சி பெருகி அந்த இழப்பு தானாக ஈடாகிவிடும் என்ற நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்த மாநிலம் கான்சாஸ். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியின் உச்ச விகிதத்தை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். உரிமையாளரின் தனிநபர் கணக்கில் வந்து சேரும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியே கிடையாது என்றும் அறிவித்தார். விளைவு என்ன? சம்பளம் வாங்குபவர் வரி கட்டினார். அதே வேலையைத் தன் பெயரில் ஒரு சிறு நிறுவனம் வைத்துச் செய்பவர் கட்டவில்லை. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, வருவாய் சரிந்தது. மாநில பட்ஜெட்டில் துண்டு விழ அனுமதி இல்லாததால் நெடுஞ்சாலை நிதியிலிருந்து எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2015இல் விற்பனை வரியை 6.15 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தினார்கள். வருமான வரியில் விட்டதை மளிகைக் கடையில் வசூலித்தார்கள் என்று சொல்லலாம். கடைசியில் 2017 ஜூனில், குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டமன்றமே ஆளுநரின் மறுப்பாணையை முறியடித்து அந்தச் சலுகைகளின் பெரும்பகுதியை ரத்து செய்தது. எதிர்க்கட்சி கேலி செய்ததை விட, சொந்தக் கட்சியினர் கைதூக்கி எதிர்த்து வாக்களித்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வாஷிங்டனில் இருப்பவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கான்சாஸ் பின்வாங்கிய அதே 2017இன் இறுதியில் பெரிய வரிக்குறைப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. கணக்கில் இழப்பு அதிகம் தெரியக் கூடாது என்பதற்காகத் தனிநபர் சலுகைகள் 2025 முடிவில் காலாவதியாகும் என்று எழுதி வைத்தார்கள். 2025 வந்ததும், ஏற்கெனவே நடப்பில் இருக்கும் சலுகைதானே, நீட்டிப்பதற்குச் செலவே இல்லை என்று செனட்டில் வாதிட்டார்கள். இதுதான் கணக்கு வித்தை. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமோ வழக்கமான முறையில் கூட்டிப் பார்த்து, சலுகைகளை நீட்டித்த 2025 சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்றது. நடுவர் சொல்லும் எண் பிடிக்கவில்லை என்றால் நடுவரைத் திட்டும் கட்சி சிக்கனக் கட்சியாக இருக்க முடியாது.

அடுத்தது, கண்ணில் படுவதை மட்டும் வெட்டுவது. வெளிநாட்டு உதவி 2024 வரை மொத்தச் செலவில் சுமார் 1 சதவீதம். ஆனால் மேடையில் அதிகம் அடிபடுவது அதுதான். 2024 தேர்தல் நேரத்தில் டிரம்புக்காகப் பிரசாரம் செய்த எலான் மஸ்க், அரசுச் செலவில் குறைந்தது 2 லட்சம் கோடி டாலரை வெட்ட முடியும் என்றார்; பிறகு அது 1 லட்சம் கோடியானது. அலுவலகங்கள் மூடப்பட்டன, ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டை விட அதிகமாகி 7 லட்சம் கோடியைத் தொட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், கடன் வட்டி ஆகியவையே செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இவற்றில் ராணுவத்துக்குக் கூடுதலாகக் கொடுப்போம், ஓய்வூதியத்தைத் தொடமாட்டோம் என்று தேர்தலில் வாக்குறுதி அளித்துவிட்டால் கத்தரிக்கு வேலை ஏது?

கடன் உச்சவரம்பைக் காட்டி மிரட்டுவதும் பயன் தராத வழி. அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற எல்லை அது; அதை உயர்த்துவது ஏற்கெனவே செய்துவிட்ட செலவுக்கான பில்லைக் கட்டத்தான். 2011இல் அதை வைத்து இழுபறி நடத்திப் பெற்ற செலவு வரம்பையும் பிறகு தாங்களே உயர்த்திவிட்டார்கள்; கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி நாட்டின் தரமதிப்பீட்டைக் குறைத்ததுதான் மிச்சம்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, சமரசம் செய்தவர்களைத் துரோகி என்று ஒதுக்கியதே என்பது என் கருத்து. 1990இல் அன்றைய அதிபர் மூத்த புஷ், புதிய வரி இல்லை என்ற தன் வாக்குறுதியை மீறி ஜனநாயகக் கட்சியோடு உடன்பாடு செய்தார். புதிய சலுகையோ திட்டமோ கொண்டுவந்தால் அதற்கு ஈடான பணத்தை வேறிடத்தில் காட்ட வேண்டும் என்ற விதி அதில் பிறந்தது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் உபரி பட்ஜெட் வந்ததில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. பங்குச் சந்தை ஏற்றம், கிளின்டன் கால வரி உயர்வு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. கட்சி நினைவில் வைத்ததோ, புஷ் 1992இல் தோற்றார் என்பதை மட்டும். 2002இல் அந்த விதி காலாவதியானது. மறு ஆண்டே, ஈராக் போருக்கும் இன்னொரு வரிக்குறைப்புக்கும் நடுவில், முதியோர் மருந்துச் செலவுத் திட்டத்தை நிதி ஒதுக்காமலே நிறைவேற்றினார்கள்.

சரியாகச் செய்த முன்மாதிரி அவர்களிடமே இருக்கிறது. ஓய்வூதிய நிதி வறண்டுகொண்டிருந்தபோது, அதிபர் ரீகன் 1981இல் இரு கட்சியினரும் அடங்கிய குழுவை அமைத்து, 1983இல் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் டிப் ஓ நீலுடன் பேசி முடித்தார். சம்பள வரி உயர்வு முன்கூட்டியே அமலுக்கு வந்தது. வசதியானவர்களின் ஓய்வூதியத்துக்கு முதன்முறையாக வருமான வரி வந்தது. முழு ஓய்வூதிய வயது 65லிருந்து 67க்கு மெல்ல மெல்ல ஏறியது. அந்த ஏற்றத்தின் கடைசிப் படியில் இருப்பவர்கள் 1960இல் பிறந்தவர்கள். வலியை இரண்டு கட்சிகளும் பல தலைமுறைகளும் பகிர்ந்துகொண்டதால் யாரும் அதைத் தேர்தலில் ஆயுதமாக்க முடியவில்லை. அதே நிதி 2033இல் மீண்டும் தீரும் என்று அதன் அறங்காவலர்கள் 2025 அறிக்கையில் கணித்திருக்கிறார்கள். அப்போது சட்டப்படி ஓய்வூதியம் தானாகவே சுமார் 23 சதவீதம் குறைந்துவிடும். இப்போது குழு அமைத்தால்கூட, இளையவர்களுக்குத் திட்டமிட அவகாசம் தரும் அளவுக்கு மெதுவாக மாற்ற முடியும். 2032இல் அமைத்தால் முடியாது.