பைபர் படகில் தண்ணீர் ஏறுகிறதா? ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை

படகுக்குள் தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கி நிற்கும் இடம் வேறு. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நுழைந்த தண்ணீரும் அடித்தளம் வழியே ஓடிவந்து, இன்ஜின் மாட்டும் பின்பலகை ஓரத்தில்தான் சேரும். அதைப் பார்த்துவிட்டுப் பின்பலகையில் பட்டி அப்புவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் தவறு. கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். இங்கே சொல்வது அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய சிறிய பைபர் படகுகளுக்கு.

எப்போது ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது?

படகை முழுக்கத் துடைத்துவிட்டு, ஆழமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா கட்டிப் போடுங்கள். பிறகு உள்ளே சேர்ந்த தண்ணீரை வாளியால் அளந்து இறையுங்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே வெறும் 3 மி.மீ. ஓட்டை இருந்தாலே மணிக்குச் சுமார் 35 லிட்டர் உள்ளே வரும். அதனால் ஏறும் தண்ணீர் அதிகமாக இருப்பதை வைத்து ஓட்டையும் பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நிற்கும்போதே ஏறினால் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓடும்போது மட்டும் ஏறினால் இன்ஜின் போல்ட்டுகள், அலை அடிக்கையில் விரிகிற விரிசல், பக்கவாட்டு விளிம்பு இணைப்பு ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் தேங்கினால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்காவிட்டால் அது மழைத் தண்ணீர்தான், அடிப்பாகத்தில் கோளாறு இல்லை. எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

முதலில் டிரெயின் பிளக்

உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் துளையின் மூடிதான் டிரெயின் பிளக். இதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வாஷர் வெடித்திருக்கிறதா, மரையில் மணல் சிக்கியிருக்கிறதா, பிளக் பதிந்திருக்கும் பித்தளை வளையம் விரலால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். வளையம் ஆடினால் பிளக்கை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. வளையத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பாலியூரிதேன் சீலண்ட் வைத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். குளியலறை சிலிக்கான் இங்கே உதவாது. அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பிறகு பெயின்ட்கூடப் பிடிக்காது.

உள்ளே ஊற்றி வெளியே பாருங்கள்

படகைக் கரையேற்றி, மணல் மூட்டைகள் அல்லது பழைய டயர்கள் மேல் அடிப்பாகம் தெரியும்படி வையுங்கள். நாலைந்து இடத்தில் தாங்கல் கொடுங்கள். வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பின், பிளக்கை மூடி உள்ளே 5 முதல் 8 செ.மீ. தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சொட்டு நீலம் கலந்துவிடுங்கள். அதற்கு மேல் நிரப்ப வேண்டாம்: ஆறடிக்கு மூன்றடிப் பரப்பில் 10 செ.மீ. தண்ணீர் நின்றாலே 160 கிலோவுக்கு மேல் ஆகிவிடும்.

இனி அவசரம் கூடாது, அரை மணி நேரம் காத்திருங்கள். வெள்ளை அடிப்பாகத்தில் நீலக் கோடு மெல்ல இறங்கும். அது தொடங்கும் இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். மணலில் இழுத்துக் கரையேற்றும் படகுகளில் ஏரா எனப்படும் அடிமுதுகு தேய்ந்து, கண்ணாடி நார் வெளியே தெரிகிற இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள்.

பின்பலகையை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே இருக்கும் பிளைவுட் நனைந்திருக்கலாம். போல்ட்டைக் கழற்றும்போது துளையிலிருந்து பழுப்புத் தண்ணீரும் மக்கிய மரத்தூளும் வந்தால் மரம் மக்கிவிட்டது. சீலண்ட் அதைச் சரிசெய்யாது, பின்பலகையைப் பிரித்து மரத்தையே மாற்ற வேண்டும்.

விரிசலை அடைப்பது

நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, வெயிலில் குறைந்தது இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஈரமான நாரில் ரெசின் (நாரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரியும், பத்துப் பதினைந்து நாளில் தகடாகப் பெயர்ந்து வரும்.

கிரைண்டரில் 40 நம்பர் டிஸ்க் போட்டு, விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேயுங்கள். சுவர் 5 மி.மீ. கனமென்றால் சரிவு ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. அகலம், அதாவது கனத்தைப் போல் 12 மடங்கு. சரிவு குறைந்தால் ஒட்டு அலைக்குத் தாங்காது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு, மாஸ்க்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கடைசியில் அசிட்டோனால் துடையுங்கள்.

மேட் என்பது கண்ணாடி நார் விரிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு சுமார் 1 மி.மீ. கனம் தரும். 30 செ.மீ. சதுர மேட்டின் எடை ஏறக்குறைய 40 கிராம். அதற்கு 100 கிராம் ரெசின் போதும். ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் 10 மி.லி. ஊற்றி நன்றாகக் கலக்குங்கள் (கோபால்ட் ஏற்கெனவே கலந்து விற்கும் ரெசினுக்கு இது வேண்டாம்). அதன் பிறகே ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 15 மி.லி. சேருங்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நம் ஊர் வெயிலில் கலவை கால் மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவை கலக்க வேண்டாம். முதலில் சிறிய துண்டு, அடுத்தடுத்து 2, 3 செ.மீ. பெரிதாக ஒட்டி, வெள்ளைத் திட்டு மறையும்வரை ரோலரால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வைத்தால் சூடேறி வெடிப்பு விழும். விரிசல் சுவரின் மறுபக்கம்வரை போயிருந்தால் உள்பக்கமும் இரண்டு அடுக்கு வையுங்கள்.

போல்ட் துளை வேறு விதம். போல்ட்டைக் கழற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் பழைய அளவில் துளைத்து, சீலண்ட் பூசி மாட்டுங்கள். முதலில் லேசாக முறுக்கி, சீலண்ட் இறுகிய மறுநாள் முழுதாக இறுக்குங்கள். உடனே இறுக்கினால் சீலண்ட் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும்.

ஒரு நாள் கழித்து நீலத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சு அடித்து, காய்ந்ததும் கடலில் இறக்கி, ஒரு மணி நேரம் கட்டிப் போட்டு, முன்பு அளந்த அதே வாளியால் மீண்டும் அளந்து பாருங்கள்.