தே தேயும் பாட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது எப்படி

எங்கள் கடற்கரை ஊரான நீரோடி தமிழ்நாட்டில் இருக்கிறது, மறைமாவட்டம் திருவனந்தபுரம். டிசம்பர் 31 ராத்திரி நன்றிப் பாட்டாக லத்தீனில் 'தே தேயும்' பாடுவோம். 1500 வருஷத்துக்கும் மேல் பழைய பாட்டு. நவம்பர் பிறந்ததுமே பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவேன்.

எழுத்தில்தான் முதல் சிக்கல். 'தே தேயும் லௌதாமுஸ்' என்று தமிழில் எழுதினால் இரண்டு 'தே'யும் ஒன்றுபோல் இருக்கும். முதல் 'தே' தலையில் வரும் த. இரண்டாவது 'தே' பந்தில் வரும் த. முதலாவது 'உம்மை', இரண்டாவது 'கடவுளை'. மலையாளம் தெரிந்த பிள்ளைகளிடம் அந்த எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். அதில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் மெலிந்த த-வின் கீழ் கோடு போடட்டும். இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகள் 'டே டியும்' என்பார்கள், விடாதீர்கள். வானத்தைக் குறிக்கும் 'சேலி'யில் வரும் ச, பச்சையில் வரும் ச.

அர்த்தத்தைத் தமிழில் சொல்லிவிட்டே ராகத்துக்குப் போங்கள். இதற்குத் தாளம் கிடையாது. ரிதம் பேடைத் தொட வேண்டாம். கீபோர்டில் தொடக்கச் சுரத்தை மட்டும் கொடுங்கள். திருப்பாடலை வாசிக்கிற வேகம் போதும். இரண்டு பக்கமாகப் பிரித்து அடிக்கு அடி மாறிப் பாட வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு, மூச்சு அங்கேதான். வேறு இடத்தில் மூச்சு வாங்கினால் சொல் உடையும், பாட்டு ஜெபமாக இருக்காது.

'தே எர்கோ க்வேசுமுஸ்' அடி வந்ததும் எல்லோரும் முட்டுக்குத்த வேண்டும். 'உமது விலையேறப்பெற்ற இரத்தத்தால் மீட்ட அடியாருக்குத் துணைபுரியும்' என்று கேட்கிற இடம் அது. ஒத்திகையிலும் முட்டுக்குத்தியே பாட வையுங்கள், அப்போதுதான் குரல் பழகும்.

2017இல் ஒக்கி புயல் போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அன்றைக்கு இந்த அடியில் முட்டுக்குத்தியவர்களில் பலர் பாட்டு முடியும்வரை எழவில்லை. நானும் அடுத்த அடியை உடனே எடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வருஷமும் உடனே எடுப்பதில்லை. நீங்களும் காத்திருங்கள். அழுகை அடங்கி, கோவிலுக்குள் அலைச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு 'ஏத்தேர்னா ஃபாக்' என்று மெதுவாக எடுங்கள்.