டாஸ்க் மேனேஜரில் முன்பின் தெரியாத பெயரைக் கண்டால்

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டதே என்று, அப்போது ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறப்பவரின் கண்ணில் நூற்றுக்கும் அதிகமான பெயர்கள் படுகின்றன. குரோம், வேர்டு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை யாருடையவை என்றே அவருக்குத் தெரிவதில்லை. தெரியாததை உடனே நிறுத்திப் பார்ப்பது பலருடைய வழக்கம். அந்தப் பெயரை இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் 'சரிசெய்யும் மென்பொருளை' இறக்கிக்கொள்வது அதைவிட மோசமான வழக்கம். எந்த நிரலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், பெயரை மட்டும் கொண்டு ஒரு பிராசஸைப் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப்) பற்றி எதையும் தீர்மானிக்க முடியாது. வியாசர்பாடியில் ஒரு சந்துக்குள் புது ஆள் நுழைந்தால், எந்த வீடு, யார் வரச் சொன்னது, என்ன வேலை என்று கேட்டுத்தான் வழிவிடுவார்கள். கணினியிலும் கேட்க வேண்டியவை அவையே: கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, அதை இயக்கிவிட்டது எது, எந்தக் கட்டளையோடு அது ஓடுகிறது.

கேட்பதற்கு முன் சற்றுப் பொறுக்கவும் வேண்டும். கணினியை இயக்கியவுடன் எழும் பரபரப்பு பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வேலைதான். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற பெயரில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கோப்புகளைச் சோதிக்கும். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' புதுப்பிப்புகளை நிறுவும். வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி இல்லாத பழைய கணினியில் இது நெடுநேரம் நீடிக்கலாம். 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 விழுக்காடு என்று காட்டினால், சிபியு அந்த அளவுக்குச் சும்மா இருக்கிறது என்பதே பொருள். ஃபேன் சத்தத்தையும் தனிச் சான்றாகக் கொள்ளக் கூடாது. காசிமேட்டு உப்புக்காற்றின் பிசுபிசுப்போடு எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரிப் புழுதியும் சேர்ந்து சிபியுவின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கில் படிந்துவிட்டால், மே மாத வெயிலில் ஒரு யூடியூப் காணொளிக்கே ஃபேன் அலறும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சந்தேகத்துக்குரிய பெயரின் மேல் வலது சொடுக்குச் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையே திறந்துகொள்ளும். எல்சாஸ், வின்லாகான், சர்வீசஸ் போன்ற அடிப்படைப் பிராசஸ்கள் சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32 கோப்புறையிலிருந்தே இயங்கும். எக்ஸ்புளோரர் நேராக விண்டோஸ் கோப்புறையில் இருக்கும். இந்தப் பெயர்களில் ஒன்று, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப், டவுன்லோட்ஸ் போன்ற இடங்களிலிருந்து இயங்கினால் அது வேஷம்தான். எல்சாஸின் முதல் எழுத்தான சிறிய எல்லுக்குப் பதிலாகப் பெரிய ஐ போட்டு ஏமாற்றுவதும் பழைய தந்திரம் என்பதால், எழுத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். அதற்காக, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் உள்ள ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் தீயது என்று முடிவுகட்டவும் கூடாது. ஜூம், டிஸ்கார்டு போன்றவை அட்மின் அனுமதியில்லாமல் நிறுவப்படும்போது அங்கேதான் குடியேறுகின்றன.

அதிகம் பேரைப் பயமுறுத்துவது 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயர்தான், ஏனெனில் அது ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல வரிகளில் நிற்கும். விண்டோஸ் சேவைகளில் பல டிஎல்எல் கோப்புகளாக இருப்பதால் அவை தாமாக இயங்க முடியாது. அவற்றைத் தாங்கி இயக்கும் பொது நிரல்தான் சர்வீஸ் ஹோஸ்ட்; அதன் கோப்புப் பெயர் எஸ்விசிஹோஸ்ட். 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி ஹோஸ்ட் தரப்படுவதால் இந்த எண்ணிக்கை கூடியது. வீட்டில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பழைய விலையில்லா மடிக்கணினியைப் போல நினைவகம் குறைந்த கருவிகளில் பல சேவைகள் ஒரே ஹோஸ்டுக்குள் அடைந்திருக்கும். வரியின் ஓரத்திலுள்ள அம்புக்குறியை விரித்தால் உள்ளே இருப்பவை தெரியும்.

இடம் சரியாக இருந்தும் ஏமாறக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. என் கணிப்பில் வீட்டுக் கணினிகளில் அதுவே முக்கியமானது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவை வீட்டில் செருகிப் பார்த்தால், உள்ளே இருந்த கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கியவுடன் பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதப்பட்ட கோப்பு) ஓடத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரிலோ 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்ற பெயர் மட்டுமே தெரியும்; அதன் இடமும் உண்மை, மைக்ரோசாஃப்ட் கையொப்பமும் உண்மை. பிறர் கொடுக்கும் ஸ்கிரிப்டைப் படித்து நிறைவேற்றுவதே அந்த நிரலின் வேலை என்பதால், குற்றம் நிரலில் இல்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில் இருக்கிறது. பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 ஆகியவையும் இந்த வகையே.

கட்டளையைப் பார்க்க, 'டீடெயில்ஸ்' பகுதியில் நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாக 'கமாண்ட் லைன்' என்பதைச் சேர்க்க வேண்டும். விபிஎஸ் என்று முடியும் கோப்பு டெம்பிலிருந்தோ ஆப்டேட்டாவிலிருந்தோ அழைக்கப்பட்டாலும், பொருள் விளங்காத நீண்ட எழுத்துக் குவியலோடு பவர்ஷெல் ஓடினாலும் கணினியை உடனே இணையத்திலிருந்து துண்டித்துவிட வேண்டும். இதே நெடுவரிசையில், உண்மையான எஸ்விசிஹோஸ்ட் வரிகளில் ஒரு சிறு கோடும் 'கே' என்ற ஆங்கில எழுத்தும், அவற்றுக்குப் பின் சேவைக் குழுவின் பெயரும் இருக்கும். சில வரிகள் வெறுமையாகத் தெரிந்தால், டாஸ்க் மேனேஜரை அட்மினாகத் திறந்து மீண்டும் பார்க்கலாம்.

நாமே வரவழைத்தவற்றையும் மறந்துவிடக் கூடாது. அழகி, இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத்தான் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. கடவுச்சொல்லைத் திருடும் கீலாகரும் விசைகளைக் கவனித்தே வேலை செய்வதால், ஆன்டிவைரஸ் ஒரு தட்டச்சு மென்பொருளைச் சந்தேகிப்பதில் வியப்பில்லை. சௌகார்பேட்டை, மண்ணடிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவரின் கணினியில் டேலி கேட்வே சர்வரும், ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பமிட உதவும் எம்சைனரும் பின்னணியில் இருப்பது இயல்பு.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீராவிட்டால், மார்க் ருசினோவிச் உருவாக்கிய பிராசஸ் எக்ஸ்புளோரரைப் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளம் அதை இலவசமாகத் தருகிறது, வேறு தளத்திலிருந்து இறக்கத் தேவையில்லை. எது எதை இயக்கியது என்பதை அது கிளை கிளையாகக் காட்டும். எஸ்விசிஹோஸ்ட் சர்வீசஸின் கீழ் வருவது முறை. வேர்டின் கீழ் பவர்ஷெல் முளைப்பது முறையல்ல. கையொப்பத்தைச் சரிபார்க்கவும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷை, பல ஆன்டிவைரஸ்களின் முடிவுகளைத் திரட்டிக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒப்பிடவும் அதில் வசதி உண்டு. அங்குள்ள பல ஆன்டிவைரஸ்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. பெரும்பான்மை காட்டினால் தயங்க வேண்டியதில்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஃபேன் சத்தம் அடங்கி, மூடியவுடன் மீண்டும் எழுந்தால், கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் சந்தேகிக்க இடமுண்டு. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்காக இப்படிப் பதுங்கும் நிரல்கள் உண்டு.

தீயது என்று தெரிந்தாலும் கோப்பை முதலில் அழிப்பது பயன் தராது, ஏனெனில் நிரல்களைத் தானாக இயக்கிவிடும் டாஸ்க் ஷெட்யூலரிலோ ஸ்டார்ட்அப்பிலோ உள்ள பதிவு அதை மீண்டும் எழுப்பக்கூடும். கோப்பின் இடத்தையும் கட்டளையையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, ஸ்டார்ட்அப் பதிவை முடக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்ட வேண்டும்; விண்டோஸ் இயங்குவதற்கு முன்பே அது சோதிப்பதால் தீநிரல் ஒளிந்துகொள்வது கடினம். வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். இறுதியில் கணினியைக் கடையில் கொடுத்து விண்டோஸை மீண்டும் நிறுவ நேர்ந்தால், உரிமம் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் கருவி எதையும் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிஃபெண்டரை முடக்கினால்தான் அத்தகைய கருவிகளை நிறுவவே முடியும் என்று சொல்லப்பட்டால், அந்தக் கடையை மாற்றிவிடலாம்.