வீட்டு சர்வர் டிவியில் தெரிந்து மறைகிறதா? நெட்வொர்க் கார்டிலிருந்து மல்டிகாஸ்ட் வரை

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் டிவியின் மீடியா பட்டியலில் அதன் பெயர் வருகிறது, வீடியோவும் ஓடுகிறது. நாலைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பெயரைக் காணோம். ஆனால் லேப்டாப்பிலிருந்து பிங் செய்தால் பதில் ஒழுங்காக வருகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் உபுண்டு போட்ட பழைய ஆபீஸ் கணினியில் மினிடிஎல்என்ஏ (பாட்டு, வீடியோக்களை டிவிக்குக் கொடுக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அப்பாவின் பாட்டுகள், தோட்டத்துக் கோயில் திருவிழா வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அங்கே வேலை செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உபுண்டு நிறுவுவதும் டெர்மினல் திறப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கார்டு நலமா?

நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளைக்கு அதன் பெயரைக் கொடுங்கள். வேகம் 1000, டூப்ளெக்ஸ் ஃபுல் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் டேட்டா போகும்) என்று வர வேண்டும். 100 என்று வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு இருப்பது போலவே தெரியும்.

நம் பக்கம் இடி மின்னல் அதிகம். பெரிய மழைக்கு அடுத்த நாள் தொல்லை ஆரம்பித்தால் என் சந்தேகம் கார்டின் மேல்தான் முதலில் போகும். வீட்டுக்கு இன்டர்நெட் ஃபைபரில் வந்தால், அதன் இழை கண்ணாடி என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரிலிருந்து பின்கட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே இழுத்த செம்புக் கேபிள் கடத்தும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபரும், அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரும்தான் சரி.

ஈத்டூலில் எஸ் என்ற பெரிய எழுத்து ஆப்ஷன் பிழைக் கணக்கைக் காட்டும். சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன டேட்டா) ஏறிக்கொண்டே போனால் கேபிளோ போர்ட்டோ கெட்டிருக்கலாம். கணினியின் டிமெசெஜ் பதிவில் லிங்க் டவுன் (இணைப்பு அறுந்தது) என்று அடிக்கடி வந்தால், ரியல்டெக் கார்டுகளில் மின்சேமிப்பு வசதியான இஇஇயை அணைத்துப் பாருங்கள். நானாக இருந்தால் சர்வருக்கு இன்டெல் ஐ210 சிப் உள்ள கார்டைத்தான் வாங்குவேன். பழையதாக வாங்கினாலும் நல்லது.

கடைசியாக இரண்டு கணினிக்கு இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். 940 மெகாபிட் அளவுக்கு வந்தால் கார்டும் கேபிளும் சாதாரண டேட்டாவை ஒழுங்காகக் கொண்டுபோகின்றன என்று அர்த்தம்.

படி 2: எந்த மல்டிகாஸ்ட் சாகிறது?

மல்டிகாஸ்ட் என்றால் ஒரு குழு முகவரிக்கு அனுப்பி, அந்தக் குழுவில் சேர்ந்த எல்லாச் சாதனத்துக்கும் போகும் செய்தி. டிவி சர்வரைத் தேடுவது எஸ்எஸ்டிபி என்ற மல்டிகாஸ்ட் முறை மூலம். முகவரி 239.255.255.250, போர்ட் 1900. டாட் லோக்கல் என்று முடியும் பெயர்கள் எம்டிஎன்எஸ் என்ற இன்னொரு மல்டிகாஸ்ட் முறை மூலம் வருகின்றன. அதன் முகவரி 224.0.0.251, போர்ட் 5353. லோக்கல் பெயர் வேலை செய்கிறது, டிவியில் மட்டும் சர்வர் வரவில்லை என்றால் அதுவே பெரிய துப்பு. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்விட்ச் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். 239இல் தொடங்குபவற்றைத்தான் வடிகட்டும்.

படி 3: ஐஜிஎம்பி குவெரியர் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

மினிடிஎல்என்ஏ தொடங்கும்போது "நான் இந்தக் குழுவில் இருக்கிறேன்" என்று ஒரு ஐஜிஎம்பி செய்தி அனுப்பும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (அந்தச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் வசதி) உள்ள ஸ்விட்ச் அதைக் கேட்டு, அந்த போர்ட்டைக் குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு குவெரியர் என்ற ஒரு சாதனம் வழக்கமாக 125 வினாடிக்கு ஒருமுறை "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டு (வருகைக் கணக்கு) எடுப்பது போலத்தான் இது. பேர் கூப்பிட ஆள் வராவிட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், பதிவேட்டிலும் பேர் இருக்காது. 260 வினாடி வரை எந்தப் பதிலும் வராவிட்டால் ஸ்விட்ச் அந்த போர்ட்டை மறந்துவிடும். நாலைந்து நிமிடம் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. ரீஸ்டார்ட் செய்ததும் சரியாவதற்கும் இதுவே காரணம்: குழுவில் மறுபடி சேரும்போது அந்தச் செய்தியும் மறுபடி போகிறது.

சோதிப்பது எளிது. கார்டு வழியாகப் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில், சர்வரில், ஐஜிஎம்பியை மட்டும் வடிகட்டி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். 224.0.0.1க்கு ஒரு கேள்வியும் வராவிட்டால் உங்கள் வீட்டில் குவெரியர் இல்லை.

டிசிபிடம்ப்பை ஓட்டும்போது சிறிய பி ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் கார்டு புரொமிஸ்குவஸ் நிலைக்குப் போய், கண்ணில் பட்ட பாக்கெட்டையெல்லாம் எடுத்துக்கொள்ளும். அப்போது டிவியில் சர்வர் திடீரென்று தெரியும்; டிசிபிடம்ப்பை நிறுத்தினால் மறையும். அப்படி நடந்தால் ஸ்விட்சை விட்டுவிட்டுக் கார்டின் மல்டிகாஸ்ட் ஃபில்டரையும் டிரைவரையும் பாருங்கள். ஐபி லிங்க் கட்டளையில் ஆல்மல்டிகாஸ்ட்டை (எல்லா மல்டிகாஸ்ட்டையும் வாங்கிக்கொள்ளும் நிலை) ஆன் செய்து பார்த்தால் உறுதியாகிவிடும்.

குவெரியர் இல்லை என்று தெரிந்தால், மேனேஜ்டு ஸ்விட்சின் (அமைப்பை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) அமைப்பில் ஐஜிஎம்பி குவெரியரை ஆன் செய்யுங்கள். ஒன்று போதும். இரண்டு இருந்தாலும் ஐபி எண் சிறியதாக உள்ளதுதான் வேலை செய்யும். ஸ்னூப்பிங்கையே அணைப்பது சுலபம். ஐபிடிவி (இன்டர்நெட் இணைப்பில் வரும் டிவி சேனல்கள்) இல்லாத சின்ன வீட்டுக்கு அது போதும். ஐபிடிவி இருந்தால் செய்யாதீர்கள், சேனல் வீடியோ எல்லா போர்ட்டுக்கும் வைஃபைக்கும் பாயும்.

சர்வரில் விர்ச்சுவல் மெஷின்களுக்காக லினக்ஸ் பிரிட்ஜ் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் ஸ்விட்ச்) இருந்தால் அதையே குவெரியர் ஆக்கலாம். அதில் ஸ்னூப்பிங் இயல்பாகவே ஆன், குவெரியர் ஆஃப். பிரிட்ஜின் மல்டிகாஸ்ட் குவெரியர் அமைப்பை 1 ஆக்குங்கள். கேள்வி 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து போனால் சில ஸ்விட்சுகள் பொருட்படுத்தாது. அதனால் சொந்த ஐபியைப் பயன்படுத்தும் குவெரி யூஸ் இஃப்அட்ரஸ் அமைப்பையும் 1 ஆக்குங்கள்.

டிவி வைஃபையில் இருந்தால் கெஸ்ட் நெட்வொர்க்கில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: "அண்ணே, எல்லாம் செய்துவிட்டேன், டோக்கரில் ஓடும் சர்வர் மட்டும் தெரியவே மாட்டேங்குது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். டோக்கர் என்பது மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. அதன் சாதாரண பிரிட்ஜ் நெட்வொர்க் மல்டிகாஸ்ட்டை உள்ளே அனுப்பாது. கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் (சர்வரின் சொந்த நெட்வொர்க்கில்) ஓட்டுங்கள்.

இன்னொருவருக்கு விபிஎன் தொல்லை. விபிஎன் போட்டால் சர்வருக்கு இன்னொரு இன்டர்ஃபேஸும் (நெட்வொர்க் வாசல்) வரும். அப்படி ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் மினிடிஎல்என்ஏ அமைப்புக் கோப்பில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வரியில் வீட்டு கார்டின் பெயரை எழுதி, சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஐபி எம்அட்ரஸ் கட்டளையில் அந்தக் கார்டின் கீழ் 239.255.255.250 இருக்கிறதா என்று பாருங்கள்.