நாய் கடித்த கோழியைத் தேற்றுதல்

நாயின் வாயிலிருந்து தப்பிய கோழியை முதலில் மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். இரத்தத்தைக் கண்டால் கூட்டாளிகளே கொத்திக் காயத்தைப் பெரிதாக்கிவிடும். வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியில், அரையிருட்டான இடத்தில் அதை அமர்த்துங்கள். வேலூரின் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் அடியில் வைத்தால், காயத்துக்கு முன்பே வெப்பம் அதைக் கொன்றுவிடும் என்பதால், வேப்பமர நிழலே மேல்.

ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்தபின், அந்நீரை ஊற்றி மண்ணும் உமிழ்நீரும் போகும்வரை கழுவுங்கள். பல் பதிந்த துளை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். அதன்மேல் மஞ்சளை அப்பி மூடிவிடுவது நம் வழக்கமானாலும், சீழ் உள்ளேயே தங்கிவிடுவதால் நான் அதைச் செய்வதில்லை. ஈ மொய்க்காமல் காத்து, நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். துர்நாற்றம் வந்தாலோ, புழு தென்பட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வாயைத் திறந்து நீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே விழுங்கும். பிறகு நீர்த்த கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம்.

கடிபடாமலேயே கோழி சோர்ந்து, கழுத்து முறுக்கி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு; 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அது தயாராகிறது.